தண்ணீர் கேட்கும் வெப்பம்

மெல்போர்ன் நகரத்துக்குத் தென்கிழக்கே, நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்பிரிங்வேலில், ஜனவரி மாதத்து வெயில் சுள்ளென்று காயும் ஒரு நாளில், பள்ளி மாணவி ஒருத்தி கறுப்புத் தட்டு ஒன்றில் உப்புநீரை ஊற்றி, கண்ணாடியைச் சாய்வாக வைத்து மூடி, காலை முதல் மாலை வரையில் வீட்டு முற்றத்தில் வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். பொழுது சாயும்போது, கண்ணாடியின் உட்புறத்தில் ஆவியாய்ப் படிந்து துளியாய் வழிந்து புட்டியில் சேர்ந்திருக்கும் நல்ல தண்ணீர் முக்கால் லிட்டர் தேறினால் அதுவே பெரிது. அதே வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்தால் அந்த முக்கால் லிட்டர் சில விநாடிகளில் வந்துவிடுகிறது. நடப்பவர் காலைச் சுடும்படி, தார்ச்சாலையை இளக்கும்படி நாள் முழுதும் பொழிந்த அத்தனை வெயிலும் இரண்டு மூன்று தம்ளர் தண்ணீரைத்தான் வடித்துத் தந்தது என்றால், மீதி வெயில் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வி சிறு பிள்ளையின் கேள்வியாகத் தோன்றினாலும், குடிநீரைப் பற்றியும் சக்தியைப் பற்றியும் இன்று உலகத்து அரசாங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளுக்கெல்லாம் வேராக இருப்பது இதுவே. விக்டோரியா மாநில விஞ்ஞான ஆசிரியர் சங்கத்தார் 1952 முதல் நடத்திவரும் ‘சயன்ஸ் டேலண்ட் சர்ச்’ என்னும் போட்டிக்கு மாணவர்கள் தாமே செய்த பரிசோதனைகளையும் கருவிகளையும் ஆண்டுதோறும் அனுப்புகிறார்கள். இந்தியாவிலும் 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழிகாட்டுதலில் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் தம் ஊர்க் கிணற்றையும் குளத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். வெயிலால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முயற்சி இத்தகைய இடங்களில் பழகிப்போன விஷயம். ஆனால் அந்தத் தட்டைச் செய்து காட்டுவது வேறு. அது ஏன் அவ்வளவு குறைவாகத் தருகிறது என்று கணக்குப் பார்ப்பது வேறு. பின்னதில்தான் விஞ்ஞானம் ஆரம்பிக்கிறது.

முதலில் தட்டைச் செய்வோம். அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள ஆழமில்லாத தட்டு ஒன்று. உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு வர்ணம் பூசி, வாடை போகுமட்டும் உலர்த்தியிருக்க வேண்டும். கறுப்பு நிறம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் வாங்கி உஷ்ணமாக மாற்றிக்கொள்ளும். அடியிலும் பக்கங்களிலும் தெர்மோகோல் பலகை. மேலே ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்த கண்ணாடி. தாழ்ந்த விளிம்பின் கீழே துளிகளை ஏந்திப் புட்டிக்குக் கொண்டுபோகும் சிறு வாய்க்கால். இணைப்புகளில் காற்றுப் புகாதபடி அடைத்துவிட்டால் சாதனம் தயார். இதைச் சூரிய வாலை என்பார்கள். தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதிய செய்முறைக் குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கண்ணாடியின் சரிவைத் தெற்கு நோக்கி வைக்கச் சொல்லியிருக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 38 பாகையில் இருக்கும் மெல்போர்னில் சூரியன் வடக்கு வானத்தில் சாய்ந்து செல்வதால், சரிவு வடக்கு நோக்கியே இருக்க வேண்டும்.

புட்டியில் சேர்ந்தது உண்மையில் உப்பற்ற நீர்தானா என்பதை நாவினால் பார்க்கலாகாது; பரிசோதனை நீர் குடிப்பதற்கன்று. தட்டில் இருந்த நீரில் ஒரு கரண்டியும், வடிந்த நீரில் ஒரு கரண்டியும் எடுத்து, இரண்டு கறுப்புப் பீங்கான் தட்டுகளில் விட்டு உலரவிட்டால், முதலாவதில் வெண்மையான உப்புத் தடம் பூத்து நிற்கும். இரண்டாவதில் ஒன்றும் இராது. இன்னும் நுட்பமாக அறிய விரும்புவோர் மின்கடத்துத் திறனை அளக்கும் சிறு கருவியை உபயோகிக்கலாம்; தண்ணீரில் கரைந்த உப்பு மின்னூட்டம் பெற்ற அணுக்களாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்துவதால், கருவி காட்டும் எண் குறையக் குறைய உப்பும் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் ஆவியாகிறபோது உப்பு ஏன் கூடப் போவதில்லை, அதற்கு ஏன் இவ்வளவு வெயில் வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்தே விளக்கலாம். திரவமாய் இருக்கும் தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்த்துப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுத்துக்கொண்டு ஒரு மூலக்கூறு ஆகாயத்துக்குத் தப்பிச் செல்ல வேண்டுமானால் அதற்குச் சக்தி தேவை. உப்பின் அணுக்களோ தண்ணீரோடு இன்னும் வலுவாகப் பிணைந்திருப்பவை. நம் முற்றத்து வெயிலில் அவை எழும்புவதற்கு வழியே இல்லை. பிணைப்பை அறுப்பதில் செலவாகும் சக்தி தண்ணீரை மேலும் சூடாக்குவதில்லை, வெப்பமானியில் அது தெரிவதும் இல்லை, ஆவிக்குள்ளே ஒளிந்துகொள்கிறது. அதனால் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

வெப்பமானியில் தெரியாத வெப்பத்தை ஒருவர் எப்படி அளந்தார்? கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஜோசப் பிளாக் என்பவர் 1760களில் அதற்கு மிக எளிய வழியொன்றைக் கண்டார். சீராக எரியும் அடுப்பின் மேல் தட்டையான பாத்திரத்தில் குளிர்ந்த நீரை வைத்து, அது கொதிக்கத் தொடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று, கொதிக்கத் தொடங்கியபின் முற்றும் வற்றிப்போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தை வைத்துக் குறித்தார். அடுப்பு ஒரே சீராக உஷ்ணத்தைத் தருகிறது என்றால், நேரமே உஷ்ணத்தின் அளவாகிவிடுகிறது அல்லவா? கொதிக்க ஆன நேரத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நேரம் வற்றுவதற்கு ஆயிற்று. அந்த ஐந்து மடங்கு நேரமும் வெப்பமானி ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. இன்றைய நுண்ணிய அளவைகளின்படி அந்த மடங்கு ஆறு. பெரியவர் ஒருவர் கூட இருக்க, மின்னடுப்பின் மேல் ஒரு தம்ளர் நீரை வைத்து, பிளாக் செய்ததை எந்த மாணவரும் வீட்டிலேயே திரும்பச் செய்து பார்க்கலாம். இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு பேராராய்ச்சியைச் சமையலறையில் நிகழ்த்திக்காட்டுவது எல்லா விஞ்ஞானத்திலும் சாத்தியமாகும் காரியமன்று.

இனி முற்றத்துக் கணக்கைப் பார்ப்போம். சூரிய வாலையின் உஷ்ண நிலையில் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 24 லட்சம் ஜூல் சக்தி வேண்டும். மெல்போர்னில் ஜனவரி மாதத்து நாளொன்றில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் விழும் சூரிய சக்தியும் சராசரியாகச் சுமார் 2 கோடியே 40 லட்சம் ஜூல். ஆகவே, ஒரு ஜூல்கூட வீணாகாமல் அவ்வளவும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவானாலும், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லிட்டருக்கு மேல் கிடைக்க முடியாது. நம் தட்டோ கால் சதுர மீட்டர். அதன் உச்ச வரம்பு இரண்டரை லிட்டர். கிடைத்தது முக்கால் லிட்டர். அதாவது நூற்றுக்கு முப்பது பங்கு வெயில் வேலை செய்தது. மீதி எழுபது பங்கில், கண்ணாடி திருப்பி அனுப்பியது ஒரு பகுதி. கண்ணாடியில் படிந்த துளிகளே வெளிச்சத்தைச் சிதறடித்தது ஒரு பகுதி. சூடேறிய தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாகவும் அடிப்பலகை வழியாகவும் காற்றில் கரைந்தது பெரும்பகுதி. ஜூன் மாதத்தில் வெயிலே நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், அப்போது தம்ளரின் அடி நனைந்தாலே அதிகம்.

எனவே வெயில் மோசம் செய்யவில்லை. தண்ணீர்தான் பெரும் வெப்பத்தைக் கேட்கிறது. இது ஒரு மாணவியின் தட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. சிலி நாட்டின் பாலைவனத்தில், லாஸ் சலினாஸ் என்னும் சுரங்க ஊரில், 1872ஆம் ஆண்டில் சார்லஸ் வில்சன் என்னும் பொறியியலாளர் ஏறத்தாழ 4,700 சதுர மீட்டர் பரப்பில் கண்ணாடி வேய்ந்த சூரிய வாலை ஒன்றை அமைத்தார். கடும் வெயில் காயும் அந்த இடத்திலும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர், அதாவது சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் அளவே தந்தது. ஸ்பிரிங்வேலிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஹையெட் என்னும் இடத்தில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சிக்கூடத்திலே ரோஜர் மோர்ஸ் என்பவரும் அவரது சகாக்களும் 1950களிலும் 60களிலும் சூரிய வெந்நீர்க் கலங்களையும் சூரிய வாலைகளையும் பற்றி விடாது ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் பயனாகத் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஓபல் கல் தோண்டும் கூபர் பீடி ஊரில் 1966ஆம் ஆண்டில் மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூரிய வாலை எழுந்தது. அதன் விளைச்சல் சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு லிட்டர். பின்னாளில் அந்த ஊரும் வேறொரு முறைக்கு மாறிவிட்டது.

அந்த வேறொரு முறை என்ன என்பதை அறிய, அரிசியில் கல் கலந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு படி அரிசியில் பத்துப் பன்னிரண்டு கல் கிடக்கும்போது, அரிசியை மணிமணியாகப் பொறுக்கி வேறு பாத்திரத்தில் போட்டுக் கல்லை மட்டும் பழைய பாத்திரத்தில் மிச்சம் வைக்கிற குடும்பப் பெண் யாரேனும் உண்டா? ஆனால் சூரிய வாலை செய்வது அதுவே. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அந்த 35 கிராமை விட்டு விலகுவதற்காக மீதியுள்ள தண்ணீர் அத்தனையையும் மூலக்கூறு மூலக்கூறாகப் பெயர்த்து ஆகாயத்தில் தூக்குகிறோம். அரிசி மட்டும் விழுந்து கல் மேலே தங்கும் சல்லடை ஒன்று கிடைத்தால், அவ்வளவு உழைப்பும் மிச்சம்.

அத்தகைய சல்லடையைக் காரியத்துக்கு உதவும்படி முதலில் செய்துகாட்டியவர்கள் இருவர். கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீநிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளிலிருந்து ஒரு சவ்வைத் தயாரித்தார்கள். அதன் மேற்புறத்தில் மிக மெல்லிய அடர்ந்த படலம். கீழ்ப்புறத்தில் தாராளமாகத் துளைகள் உள்ள தடித்த தாங்கல். மேற்படலம் உப்பைத் தடுத்துவிடும். அது மெல்லியதாய் இருப்பதால் தண்ணீர் வேகமாக ஊடுருவிவிடும். இயற்கையில் இத்தகைய சவ்வின் இருபுறமும் நன்னீரும் உப்புநீரும் இருந்தால், நன்னீரே உப்புநீரின் பக்கம் பாயும். இது சவ்வூடு பரவல். உப்புநீரின் பக்கம் போதிய அழுத்தம் கொடுத்தால் அந்தப் பாய்ச்சல் திசை மாறி, உப்பைப் பின்னே விட்டு நன்னீர் இப்புறம் வரும். இது எதிர்ச் சவ்வூடு பரவல். கடல்நீரின் இயல்பான எதிர்ப்பை வெல்லவே காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு வேண்டும். ஆலைகளில் அதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள்.

இங்கே தண்ணீர் ஆவியாவதே இல்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கும் பெருஞ்செலவும் இல்லை. ஆகையால் இன்றைய ஆலைகளில் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் பெற மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் போதும். அதே ஆயிரம் லிட்டரை ஒரு தடவை ஆவியாக்கும் சக்தியை யூனிட்டில் சொன்னால் ஏறத்தாழ 670. இருநூறில் ஒரு பங்கு! இயற்கை விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவோ ஒரு யூனிட்டை ஒட்டியது. அதற்குக் கீழே எந்தச் சாமர்த்தியத்தாலும் போக முடியாது. வெயில் இலவசம், மின்சாரம் விலை உள்ளது என்பது மெய்யே. ஆனால் இலவச வெயிலை வாங்கப் பரந்த நிலமும் கண்ணாடியும் வேண்டும்.

அதன் அளவை ஸ்பிரிங்வேல்வாசிகள் தம் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். 1997 முதல் 2009 வரையில் நீடித்த கொடிய வறட்சியின் அனுபவத்தால் விக்டோரியா அரசாங்கம் வொந்தகி அருகே கட்டி 2012இல் முடித்த கடல்நீர் ஆலை, ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் நன்னீர் தரவல்லது. அந்த நீர் 84 கிலோமீட்டர் நீளக் குழாயில் கார்டினியா நீர்த்தேக்கத்துக்கு வந்து, மலைக்காடுகளிலிருந்து இறங்கும் மழைநீரோடு கலந்து நகரத்துக்குப் போகிறது. அதே அளவு நீரைச் சூரிய வாலைகளால் பெறவேண்டும் என்றால், சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர் வீதம் வருஷம் முழுவதும் கிடைப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 137 சதுர கிலோமீட்டர் கண்ணாடி வேண்டும். ஸ்பிரிங்வேலும் டாண்டினோங்கும் கீஸ்பரோவும் நோபிள் பார்க்கும் அடங்கிய கிரேட்டர் டாண்டினோங் நகராட்சியின் முழுப்பரப்பும் சுமார் 130 சதுர கிலோமீட்டர்தான். வீடு, கடை, பள்ளி, சாலை அத்தனையையும் கண்ணாடியால் மூடினாலும் பற்றாது.

இத்தனையும் உப்பைப் பற்றிய பேச்சு. ஆனால் உலகத்தில் தண்ணீரால் நோய்ப்படும் குழந்தைகள் பெரும்பாலும் உப்பினால் நோய்ப்படுவதில்லை, கிருமிகளால் நோய்ப்படுகிறார்கள். கிருமியை ஒழிக்கத் தண்ணீரை ஆகாயத்தில் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. கிருமி செத்தால் போதும். பெய்ரூட்டில் உள்ள அமெரிக்க சர்வகலாசாலையின் ஆசிரியர் அஃப்டிம் அக்ரா, தெளிந்த நீரை நிறமற்ற புட்டியில் அடைத்து வெயிலில் வைத்தாலே கிருமிகள் மடிகின்றன என்று 1980ஐ ஒட்டி எடுத்துக்காட்டினார். பின்னர் சுவிட்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிலையமான எயாவாக் இதை விரித்து ஆராய்ந்தது. நல்ல வெயிலானால் ஆறு மணி நேரம். வானம் மப்பும் மந்தாரமுமாய் இருந்தால் இரண்டு நாள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் கிருமியின் உயிர்ப்பொருளைச் சிதைப்பதே இதன் ரகசியம். தண்ணீர் ஐம்பது பாகை செல்சியஸை எட்டினால் வேலை இன்னும் விரைவாக முடிகிறது.

தண்ணீர் கலங்கியிருந்தால் ஒளி உள்ளே போகாது. அப்போது முதலில் தெளியவைக்க வேண்டும். நம் முன்னோர் மண்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தது இதற்காகவே. கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனக்கச் செய்ய, பூமியின் ஈர்ப்பே அவற்றை அடிக்கு இழுத்துவிடுகிறது; நாம் செலவழிக்கும் சக்தி கை தேய்ப்பது மட்டும். கண்ணுக்குத் தெரியும் மண்ணை நீக்கக் கையளவு உழைப்பு. நுண்கிருமியைக் கொல்லச் சில மணி நேர ஒளி. அணுவளவாகக் கரைந்த உப்பை நீக்கப் பெருஞ்சக்தி. அழுக்கு எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு விலை. ஆகையால் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கு முன் அதில் இருப்பது எந்த அழுக்கு என்று கேட்பதே அறிவுடைமை. 2015ஐ ஒட்டி யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதென்று மக்கள் பதைத்தபோது, இந்தக் கேள்வியின் அருமை எல்லாருக்கும் விளங்கிற்று. எண்ணெய் வகைகளில் எளிதில் ஆவியாகும் பகுதி சூரிய வாலையில் தண்ணீரோடு தானும் ஆவியாகிக் கூடவே வடிந்துவிடக்கூடும். கொதிக்கவைத்தாலும் முற்றும் போகுமென்று சொல்வதற்கில்லை. வெயிலில் வைத்த புட்டி அதற்கு ஒன்றும் செய்யாது.

இவற்றையெல்லாம் மாணவர் நூலில் படித்து ஒப்புவிக்கலாம். ஆனால் அளந்தவர்க்கே அவை சொந்தமாகின்றன. ஒரே அளவில் இரண்டு தட்டுகள் செய்து, ஒன்றுக்குக் கறுப்பும் மற்றொன்றுக்கு வெள்ளையும் பூசி, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மாலையில் இரண்டையும் அளந்து குறித்த பிள்ளைக்கு, கறுப்பு வெப்பத்தை வாங்குகிறது என்பது பிரத்தியட்சம். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் ஒப்பீட்டுப் பரிசோதனை; வெயிலில் வைத்த நீரால் நன்மை உண்டா என்று கென்யாவின் மசாய் குழந்தைகளிடையே 1990களில் ஆராய்ந்தவர்களும், புட்டியை ஒரு சாராருக்குக் கூரைமேல் வெயிலிலும் மறு சாராருக்கு வீட்டுக்குள்ளும் வைக்கச் சொல்லியே, வெயில் பெற்ற நீரைக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது என்று கண்டார்கள். போட்டியில் பரிசு பெறவேண்டுமே என்று பெற்றோர் பளபளப்பான மாதிரியைத் தாமே செய்து கொடுத்துவிடுவது அன்பினால்தான். ஆயினும் அதனால் பிள்ளை இழப்பது பெரிது. கோணலான தட்டிலிருந்து கிடைத்த முக்கால் லிட்டரும், அதனோடு எழுதிவைத்த உண்மையான கணக்கும், விலைக்கு வாங்கிய கருவியைக் காட்டிலும் உயர்ந்தவை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கணக்கை எழுதிய பிள்ளை அடுத்த கேள்வியைத் தானே கேட்கும். ஆவியாகும்போது தண்ணீர் வாங்கிக்கொண்ட வெப்பம், கண்ணாடியில் மறுபடி துளியாகும்போது முழுவதும் வெளிப்படுகிறது அல்லவா? அதைக் காற்றில் விடுவானேன்? கண்ணாடிக்கு மேலே இன்னொரு தட்டு நீரை வைத்தால், முதல் தட்டின் ஆவி விட்ட வெப்பமே இரண்டாம் தட்டை ஆவியாக்காதா? இந்த யுக்தியையே பத்து அடுக்குகளில் நுட்பமாக அமைத்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் சீனாவின் ஷாங்காய் ஜியாவோ டோங் சர்வகலாசாலையிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள், விழுந்த வெயில் ஒரு தடவை ஆவியாக்கக்கூடிய நீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீரை வடித்ததாக 2020இல் வெளியிட்டார்கள். வெயில் அதிகமாகவில்லை, ஒரே வெப்பம் திரும்பத் திரும்ப வேலை செய்தது, அவ்வளவே. இரண்டு அடுக்கில் எவ்வளவு கூடும் என்பதை அறிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. இன்னொரு தட்டு, இன்னொரு கண்ணாடி, ஓர் அளவுப் பாத்திரம், மேகமில்லாத ஒரு ஜனவரி நாள் இருந்தால் போதும். விடையை ஸ்பிரிங்வேல் பிள்ளைகளே கண்டு எழுதலாம்.